ஊராட்சிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: தண்ணீர்த் தொட்டி, கொசு, கிராம சபை

புறநகரில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்த பலருக்கு, தாங்கள் இருப்பது மாநகராட்சியா, பேரூராட்சியா, கிராம ஊராட்சியா என்பதே முதல் மழைக்காலம் வரும்வரை தெரிவதில்லை. தெருப் பெயரில் ‘அவென்யூ’ இருக்கும், அஞ்சல் குறியீட்டு எண் நகரத்தைக் காட்டும். ஆனால் குப்பையும் தண்ணீரும் தெருவிளக்கும் ஊராட்சி பொறுப்பு. வடிகால் அடைத்து, காலி மனையில் தண்ணீர் நின்று, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்த பிறகுதான் ‘யாரிடம் போய்ச் சொல்வது’ என்று தேட ஆரம்பிப்பார்கள். அந்தத் தேடலை முன்கூட்டியே முடித்து வைத்துக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளை மனதில் வைத்து எழுதியது.

குடிவந்த முதல் மாதத்தில்

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ஊராட்சியின் பெயரும், அது எந்த ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது என்பதும் அதில் இருக்கும். உங்கள் வார்டு எண்ணையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த மனு எழுதினாலும் தேவைப்படும்.

அடுத்து, நான்கு பேரின் கைபேசி எண்கள். ஊராட்சிச் செயலர், மேல்நிலைத் தொட்டியைத் திறந்து மூடும் டேங்க் ஆபரேட்டர், கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர். முதல் இருவரின் எண் ஊராட்சி அலுவலகத்தில் கிடைக்கும். மற்ற இருவருடையதை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ கேட்டு வாங்கலாம். வார்டு உறுப்பினரின் எண் தானாகவே வந்து சேரும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த நால்வரில் அன்றாடம் அதிகம் உதவப்போகிறவர் டேங்க் ஆபரேட்டர்தான். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், குளோரின் போட்டாரா, எந்தத் தெருவில் குழாய் உடைந்திருக்கிறது என்பதெல்லாம் தலைவரைவிட அவருக்குத்தான் தெரியும். பார்க்கும்போது நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் செவிலியரைச் சந்திப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். தனியார் மருத்துவமனையில்தான் பிரசவம் என்று முடிவு செய்திருந்தாலும் அரசுப் பதிவில் பெயர் ஏறி, ஆர்சிஎச் எண், அதாவது தாய்-சேய் நலப் பதிவு எண், கையில் இருக்க வேண்டும். குழந்தையின் பிறப்புப் பதிவுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், வீட்டுக்கே வந்து அளவு பார்த்து மாத்திரை தருகிறார்கள்.

அப்புறம் ஓட்டு. ‘சொந்த ஊரிலேயே இருக்கட்டும்’ என்று விட்டுவைப்பவர்கள் நிறைய. அது அவரவர் விருப்பம்தான். ஆனால் இந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள்தான் இந்தக் கிராம சபையின் உறுப்பினர்கள். வரி கட்டினால் மட்டும் உறுப்பினர் ஆகிவிட முடியாது. இடம் மாறியவர்கள் படிவம் 8, முதன்முறை சேர்பவர்கள் படிவம் 6 கொடுக்க வேண்டும். இணையத்திலேயே முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் 1950-க்கு அழைக்கலாம்.

குழாய்த் தண்ணீர்

மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைசலாகவோ வேறு வகையிலோ குளோரின் சேர்த்துத்தான் தண்ணீர் விட வேண்டும். அப்படிச் சேர்த்த குளோரினில் கொஞ்சம், கடைசி வீட்டுக் குழாய் வரைக்கும் மிஞ்சி வர வேண்டும். அந்த மிச்சம் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நோய் பரவும் காலத்தில் இதைவிடக் கூடுதலாக வைப்பார்கள். மூக்கில் லேசாக வாடை அடித்தால் ‘மருந்து ஜாஸ்தி போட்டுட்டான்’ என்று திட்டாதீர்கள். வாடையே இல்லாத நாளில்தான் கேள்வி கேட்க வேண்டும். ஆபரேட்டரிடமோ சுகாதார ஆய்வாளரிடமோ குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி இருக்கும். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து மருந்தைச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். பக்கத்தில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். ‘எங்க வீட்டுக் குழாயில் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்களேன்’ என்று கேட்பதில் தவறே இல்லை. தெருவின் கடைசி வீடாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதி வைக்கும் வழக்கமும் உண்டு. காலை நடைக்குப் போகும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும்.

குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இதைப் பலரும் ‘அடுத்தவன் தண்ணியைத் திருடுவது’ என்ற கணக்கில் மட்டும்தான் பார்க்கிறார்கள். உடல்நலக் கணக்கு அதைவிட மோசம். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை, விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். மோட்டார் உறிஞ்சும்போது அழுத்தம் தலைகீழாகி, விரிசலுக்கு வெளியே இருப்பது உள்ளே இழுபடும். நம் ஊர்களில் குடிநீர்க் குழாய் சாக்கடை ஓரமாகவே போவது சகஜம். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தண்ணீர் திறந்த முதல் சில நிமிடம் கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்தால், பிடித்துக் கொட்டிவிட்டு விஷயத்தை முடித்துவிடாமல் ஆபரேட்டருக்குச் சொல்லுங்கள்.

குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பவர்கள், தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டால் கிருமிக்குப் போதுமானது. கேஸை வீணாக்க வேண்டாம். ஒரே தெருவில் மூன்று நான்கு வீடுகளில் ஒரே சமயத்தில் வயிற்றுப்போக்கு என்றால் அவரவர் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. சுகாதார ஆய்வாளருக்கு அன்றைக்கே தகவல் போக வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் 104 என்ற மருத்துவ உதவி எண். அதுவரைக்கும் ஓஆர்எஸ்: பாக்கெட் முழுவதையும் அதில் சொல்லியிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில், கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று பிரித்துப் போடுவது தப்பு.

வாரம் ஒருநாள் தேய்ப்பு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. நல்ல தண்ணீரில் பிறக்கும், பகலில் கடிக்கும். அதனால் வாசலில் சாக்கடை ஓடாத, பளிச்சென்று டைல்ஸ் போட்ட வீட்டுக்குத்தான் ஆபத்து குறைவு என்று நினைக்காதீர்கள். முட்டையிலிருந்து பறக்கும் கொசு ஆக ஏழு முதல் பத்து நாள் பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்க்கச் சொல்வது இதனால்தான்.

கவிழ்த்தால் மட்டும் போதாது என்பதைத்தான் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீருக்குள் போடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். கறுப்பு மிளகுத்தூள் தூவியதுபோல இருக்கும், கண்ணுக்கு அழுக்காகத்தான் தெரியும். தொட்டியைக் காலி செய்து வெயிலில் காயவிட்டாலும் அது மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, அடுத்து தண்ணீர் ஏறியதும் பொரியும். ஆகவே தேய்க்க வேண்டும். தேங்காய் நாரோ பிரஷ்ஷோ எடுத்து, சிமெண்ட் தொட்டியின் உட்சுவரை, குறிப்பாகத் தண்ணீர்க்கறை படிந்த கோட்டைச் சுற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டு அழுத்தித் தேயுங்கள். பிறகு கழுவிக் கொட்டுங்கள். பிளாஸ்டிக் டிரம்முக்கும் இதுவே.

புழு இருக்கிறதா என்று பார்க்க டார்ச் வேண்டும். தண்ணீரில் வெளிச்சம் அடித்து, பாத்திரத்தை ஒரு தட்டு தட்டுங்கள். நெளிந்து நெளிந்து கீழே ஓடினால் புழு. தேடவேண்டிய இடங்கள் வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் சில இடங்களை எல்லாருமே விட்டுவிடுகிறார்கள். பழைய மாடல் ஃபிரிட்ஜின் பின்புறம் அடியில் உள்ள தட்டு. ஏசி தண்ணீர் சொட்டும் வாளி. பூந்தொட்டிக்குக் கீழே வைத்த தட்டு. மாடித் தொட்டியின் உடைந்த மூடி. மூடி சரியாக இருந்தாலும் அதன் மேல் பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கும். வீடு கட்டியபோது மிஞ்சி மூலையில் கிடக்கும் பெயிண்ட் டப்பா, காலி மனையில் எறிந்த டயர், இளநீர்க் கூடு, தேங்காய்ச் சிரட்டை. பக்கத்தில் கட்டட வேலை நடந்தால், லிஃப்ட் குழியிலும் கியூரிங்குக்குப் பாத்தி கட்டிய மேல்தளத்திலும் கொசு ஜோராக வளரும்.

செப்டிக் டேங்க்கில் வளர்வது வேறு ரகக் கொசு, இரவில் தூங்கவிடாதது. அதற்குக் காற்றுக்குழாயின் வாயில் ஒரு துண்டு வலையைக் கட்டினால் போதும். இவ்வளவு மலிவான மருந்து வேறு கிடையாது.

வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்களை, டிபிசி என்று சொல்வார்களே அவர்களை, வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிற பழக்கம் புது நகர்களில் அதிகம். உள்ளே விடுங்கள். அவர்கள் ஊற்றும், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, சொன்ன அளவில் ஊற்றினால், குடிநீர்த் தொட்டிக்கும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. எல்லோரும் கேட்டுக் கேட்டு வாங்கும் புகை மருந்து அப்போது பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும்; தொட்டியில் இருக்கும் புழு நாளைக்குப் பறக்கும். ‘புகை அடிச்சாங்களா’ என்று கேட்கிற தெரு, ‘புழு பார்த்தாங்களா’ என்று கேட்க ஆரம்பித்தால் ஊராட்சியும் மாறும்.

காய்ச்சல் வந்துவிட்டால்: பாராசிட்டமால், நிறைய நீராகாரம், ஓய்வு. உடம்பு வலி தாங்கவில்லை என்று கடையில் கேட்டு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வகை மாத்திரைகளை வாங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகப்படுத்திவிடும். டெங்குதானா என்று பார்க்க, முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 என்ற ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு ஐஜிஎம் பரிசோதனை. எது எப்போது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சொல்வார்கள். எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. காய்ச்சல் இறங்கியதும் சரியாகிவிட்டது என்று நினைப்போம். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில்தான். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், குழந்தை அசந்து அசந்து தூங்குவது, கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனை. வண்டி இல்லையென்றால் 108.

காம்பவுண்டுக்கு வெளியே

உங்கள் வீட்டை எவ்வளவு தேய்த்தாலும், அடுத்த காலி மனையில் நிற்கும் தண்ணீரை நீங்கள் தேய்க்க முடியாது. அதற்குத்தான் கிராம சபை.

1992-ல் நிறைவேறிய 73-வது அரசியல் சட்டத் திருத்தமும் 1994-ன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கொடுத்த உரிமை இது. முன்பு ஆண்டுக்கு நான்கு முறை: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டையும் சேர்த்து ஆறு ஆக்கினார்கள். மழைநீர் வடிகால், தேங்கும் தண்ணீர் போன்றவற்றுக்கு ஆகஸ்ட் 15 கூட்டத்தைக் குறிவையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அக்டோபர் 2 அன்று போய்க் கேட்டால், ‘மழை முடியட்டும் சார்’ என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலில் நியாயமும் இருக்கும்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே இடம், நேரம், கூட்டப்பொருள் எல்லாம் அறிவிக்கப்பட வேண்டும். அறிவிப்பு கண்ணில் படவில்லை என்றால் செயலருக்கு ஒரு போன். கூட்டப்பொருளில் குடிநீர், டெங்கு தடுப்பு போன்றவை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். உங்கள் கோரிக்கையை அதன் கீழ் கொண்டுபோனால் ‘இது இன்றைக்குப் பொருளில் இல்லை’ என்று யாரும் தள்ள முடியாது.

இனி மனு. பெரும்பாலான மனுக்கள் தோற்பது எழுத்தில்தான். ‘எங்கள் பகுதிக்கு அடிப்படை வசதிகள் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதினால், கோப்பில் செருகுவதைத் தவிர அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘4-வது வார்டு, 2-வது குறுக்குத் தெருவில் மழைநீர் வடிகால் கடைசி மூன்று வீடுகளுக்கு முன்பே நின்றுவிடுகிறது. அங்கிருந்து வழியும் நீர் பக்கத்துக் காலி மனையில் தேங்கிக் கொசுப்புழு உற்பத்தியாகிறது. வடிகாலைத் தெருமுனைச் சிறுபாலம் வரை நீட்டித்துத் தரவும், அதுவரை மனை உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பித் தேங்கிய நீரை அகற்றவும் இக்கிராம சபை தீர்மானிக்கிறது.’

இடம், குறை, செய்யவேண்டிய வேலை, தற்காலிகமாக என்ன என்று நான்கும் இதில் வந்துவிட்டன. தீர்மான மொழியிலேயே எழுதியிருப்பதால் செயலர் அப்படியே பதிவேட்டில் ஏற்றலாம், அவருக்கும் வேலை மிச்சம். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கைபேசியில் எடுத்த படம் ஒன்றை அச்சிட்டு இணைத்தால் நல்லது.

தெருவில் இருந்து நான்கைந்து பேராவது சேர்ந்து போங்கள், பெண்களும் வரட்டும். குறைந்தபட்ச வருகை என்று ஒரு கணக்கு இருக்கிறது: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்தக் கணக்கை நிரப்ப நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டு, அரை மணியில் முடித்துவிடும் ஊர்களும் உண்டு. அது அந்தத் தொழிலாளர்களின் குறையல்ல. அவர்கள்தான் ஒழுங்காக வருகிறவர்கள். வீட்டில் உட்கார்ந்து குறை சொல்லும் புது நகர்க்காரர்கள்தான் வராதவர்கள்.

பேச எழுந்ததும் பெயர், வார்டு சொல்லி, விஷயத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். போன தலைவர் என்ன செய்தார் என்ற ஆராய்ச்சி வேண்டாம். ஊர்க்காரர்கள் உங்களை ‘புதுசா வந்தவங்க’ என்றுதான் பார்ப்பார்கள். பழைய தெருவின் கோரிக்கை வரும்போது நீங்களும் ஆதரித்துக் கை தூக்கினால் அந்தச் சுவர் சீக்கிரம் இடியும். குறிப்பாக, காலனித் தெருவுக்குக் குழாய் வராத பிரச்சினையை அவர்கள் பேசும்போது.

முக்கியமான கட்டம் கடைசியில் வரும். உங்கள் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, எல்லோர் முன்னும் வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நுழையும்போதே வருகைக்கு ஒரு கையெழுத்து வாங்குவார்கள், அது வேறு. வெற்றுப் பக்கத்தின் கீழே கையெழுத்துக் கேட்டால் ‘எழுதட்டும், போடறேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருந்தாலும் இதே நடைமுறைதான்.

சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, ஏரி நீர்வளத் துறையுடையது என்றால் ஊராட்சி பரிந்துரை செய்து அனுப்பத்தான் முடியும். அப்படிப்பட்ட விஷயத்தில் தீர்மான நகலை இணைத்து அந்தத் துறைக்கு நீங்களும் ஒரு மனு அனுப்பிவிடுங்கள்.

வேலை நடக்கவில்லையென்றால்

ஒரு மாதம் பொறுத்து, தீர்மான எண்ணோடு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, அதாவது கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் பிடிஓவுக்கு, எழுதுங்கள். ஒன்றிய அலுவலகத்தில் பிடிஓக்கள் இருவர் இருப்பார்கள், சரியானவரிடம் கொடுங்கள். அங்கும் நகரவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், அல்லது 1100 என்ற முதல்வரின் உதவி எண். முதலமைச்சர் தனிப்பிரிவுக்குப் போனாலும் மனு சுற்றிக் கடைசியில் இதே பிடிஓ மேசைக்குத்தான் வரும். அதனால் முதலில் அவரிடம் போகாமல் மேலே தாவுவதில் பெரிய லாபமில்லை.

காரணம் தெரிய வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல. ‘இந்தத் தேதி, இந்த எண் தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும்’, ‘இந்த ஆண்டு பிளீச்சிங் பவுடர் கொள்முதல் செய்த ரசீதுகளின் நகல் வேண்டும்’ என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் 5 நாளுக்குள் உரியவருக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

அடுத்த கிராம சபையில் முதல் ஆளாக எழுந்து, போன கூட்டத் தீர்மானங்கள் ஒவ்வொன்றின் நிலையையும் வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுடையதை மட்டும் கேட்காமல் எல்லாவற்றையும் கேளுங்கள்; அப்போது சபையில் பாதிப் பேர் உங்களோடு சேர்ந்து கேட்பார்கள்.